ஊமைப்படம் தந்த குழந்தை நடிகர் ஜாக்கி கூகன்

உலகத் திரைப்பட வரலாற்றில் சார்லி சாப்ளினை அறியாதார் இலர். கந்தல் உடையும் கைத்தடியும் கொண்ட அந்த நாடோடியின் உருவத்தை எண்ணும்போதே, வாசற்படியில் அவருக்கு அருகே அமர்ந்திருக்கும் ஒரு சிறுவனின் உருவமும் நம் நினைவில் எழுகிறது. காதுவரை இறங்கிய தொப்பி, உடலுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய காற்சட்டை, கந்தலான கம்பளி மேற்சட்டை, எதையோ கேட்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டது போன்ற அகன்ற கண்கள். படத்தைக் கண்டவர் நம்மிடையே பலர். அச்சிறுவனின் பெயரைச் சொல்லக் கூடியவரோ மிகச் சிலர். அவர் பெயர் ஜாக்கி கூகன்.

நடிப்பால் புகழ் பெற்றவர் பலருண்டு. ஜாக்கி கூகன் தாம் பெற்ற புகழால் மட்டுமன்றித் தாம் இழந்த பொருளாலும் வரலாற்றில் இடம் பெற்றவர். உழைத்த குழந்தையின் ஊதியம் யாருக்கு உரியது என்னும் வினாவை ஒரு நீதிமன்றத்திலும் பின்னர் ஒரு சட்டமன்றத்திலும் எழுப்பியது அவருடைய வாழ்க்கை. ஆகவே, அவரை நடிகராக மட்டும் காணாமல் அவ்வினாவோடு சேர்த்தே இங்குக் காண விழைகிறோம்.

ஜான் லெஸ்லி கூகன் என்பது அவருடைய இயற்பெயர். 1914ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஹென்றி கூகன், தாய் லில்லியன். அக்காலத்து அமெரிக்காவில் 'வாடுவில்' என்னும் பல்சுவை மேடை பெருவழக்காய் இருந்தது. ஆட்டம், பாட்டு, நகைச்சுவை, கழைக்கூத்து, விலங்கு வித்தை என ஒன்றோடொன்று தொடர்பற்ற நிகழ்ச்சிகள் ஒரே மாலையில் அடுத்தடுத்து அரங்கேறும். அம்மேடைகளில் ஆடியும் நடித்தும் ஊர் ஊராகச் சென்று பிழைத்தவர் அவர் தந்தை. 1917ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்கின்னர்ஸ் பேபி' என்னும் படத்தில் ஜாக்கி குழந்தையாகத் தோன்றினார். நடை பழகிய சில காலத்திலேயே தந்தையின் மேடையில் தாமும் ஓர் ஆட்டம் ஆடிக் கைத்தட்டல் பெறத் தொடங்கிவிட்டார்.

1919ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஆர்ஃபியம் அரங்கில் அவ்வாறு ஆடிய நான்கு வயதுக் குழந்தையை, பார்வையாளர் நடுவே அமர்ந்திருந்த சாப்ளின் கண்டார். அப்போது சாப்ளின் மனத்துயரில் ஆழ்ந்திருந்தார் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அவருக்குப் பிறந்த முதல் ஆண்மகவு மூன்று நாள்களே உயிர் வாழ்ந்து மறைந்தது. கற்பனையும் ஓடாமல், புதிய படத்திற்குக் கருவும் கிடைக்காமல் அவர் திகைத்திருந்த வேளை அது. அந்த இழப்பினின்றே 'தி கிட்' பிறந்தது என்று அறுதியிட்டுக் கூற நாம் துணியவில்லை. ஆயினும், கைவிடப்பட்ட குழந்தையை வளர்க்கும் ஏழையின் கதையை அவர் அந்த ஆண்டில் தொடங்கியதை வெறும் தற்செயல் எனத் தள்ளவும் மனம் ஒப்பவில்லை.

இவ்விடத்தில் சாப்ளின் தம் தன்வரலாற்றில் கூறும் சுவையான செய்தியொன்று உண்டு. ஜாக்கி கூகனை இன்னொரு நகைச்சுவை நடிகரான ராஸ்கோ ஆர்பக்கிள் ஒப்பந்தம் செய்துவிட்டார் என்னும் செய்தி சாப்ளினின் காதுக்கு எட்டியது. அக்குழந்தையை வைத்து எத்தனை காட்சிகள் அமைத்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி அவர் வருந்தினார். பிறகுதான் தெரிந்தது, ஒப்பந்தமானவர் மகனல்லர், தந்தையே என்பது. கை நழுவியது என்று எண்ணி வருந்திய அந்த நேரத்தில் தோன்றிய காட்சிகளே பின்னர் படமாயின. தந்தையும் மறுப்பின்றி மகனை ஒப்படைத்தார். 'எ டேஸ் பிளெஷர்' என்னும் குறும்படத்தில் ஜாக்கியைச் சிறு வேடத்தில் தோன்றச் செய்த சாப்ளின், அதன் பின்னர் முழுநீளப் படத்தில் அவரைத் தமக்கு இணையாக நிறுத்தினார்.

'தி கிட்' 1921ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆறு ரீல்கள் கொண்ட அப்படத்தின் கதை எளியது. வறுமையாலும் தனிமையாலும் வாடும் தாயொருத்தி தன் பச்சிளங்குழந்தையைச் செல்வர் ஒருவரின் மோட்டார் வண்டியில் விட்டுச் செல்கிறாள். வண்டியைத் திருடர் கவர்ந்து செல்ல, குழந்தை குப்பை கிடக்கும் சந்தொன்றில் சாப்ளினின் கையில் வந்து சேர்கிறது. முதலில் எவரிடமாவது தள்ளிவிட முயன்று தோற்ற நாடோடி, பின்னர் தந்தையாகவே மாறிவிடுகிறான். ஐந்தாண்டுகள் கழிகின்றன. சிறுவன் முன்னே சென்று வீடுகளின் கண்ணாடிச் சாளரங்களைக் கல்லெறிந்து உடைப்பான். சற்று நேரத்தில் முதுகில் கண்ணாடியைச் சுமந்துகொண்டு பழுது பார்ப்பவனாக நாடோடி அதே தெருவில் வருவான். குற்றமே எனினும் அக்காட்சியில் சிரியாதவர் இலர். காலையில் அடுப்பருகே நின்று பணியாரம் வார்க்கும் சிறுவன், படுக்கையில் சோம்பிக் கிடக்கும் வளர்ப்புத் தந்தையை உண்ண எழுப்பும் காட்சியில் யார் தந்தை, யார் மகன் என்றே நாம் மயங்குகிறோம்.

பிறரைப் பார்த்து அவ்வண்ணமே செய்து காட்டும் ஆற்றல் ஜாக்கிக்கு இயல்பாக வாய்த்திருந்தது. சாப்ளின் ஒரு செயலை நடித்துக் காட்டுவார். சிறுவன் அதை உள்வாங்கித் திரும்பச் செய்வான். செய்கையோடு உணர்ச்சியும் உடன் வரும். ஊமைப்படத்தில் பேச்சு இல்லை. கண்ணும் கையும் தோளும் மட்டுமே மொழி. அம்மொழியைப் பள்ளிக்குச் செல்லாத குழந்தை, அக்கலையின் பேராசானிடம் நேரே பயின்றது.

படத்தின் உயிர்நிலை, அநாதை இல்லத்து அலுவலர்கள் சிறுவனைப் பிடித்துச் செல்லும் காட்சி. திறந்த வண்டியின் பின்புறத்தில் நின்று இரு கைகளையும் நீட்டி, வாய்விட்டு அழுது மன்றாடுகிறான் சிறுவன். கூரை மேல் கூரையாகத் தாவி ஓடிவந்து வண்டியில் குதித்து அவனை மீட்கிறான் நாடோடி. இருவரும் தழுவி முத்தமிட்டுக் கொள்ளும்போது திரையில் ஒலியில்லை என்பதே நமக்கு மறந்துபோகிறது. இலண்டனில் வறியோர் விடுதியிலும் அதனைச் சார்ந்த பள்ளியிலும் தாயைப் பிரிந்து நாள்களைக் கழித்தவர் சாப்ளின். அவர் தம் சிறுவயதையே கூரைகளின் மேல் ஓடி மீட்டார் என்று கொள்ளலாம்.

அந்த அழுகை பிறந்த விதத்தையும் சாப்ளினே பதிவு செய்துள்ளார். மகிழ்ச்சியாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்கு எத்துணைச் சொல்லியும் அழுகை வரவில்லை. தந்தை அவனைத் தனியே அழைத்துச் சென்றார். அழாவிட்டால் உண்மையாகவே இல்லத்திற்கு அனுப்பிவிடுவோம் என்று அச்சுறுத்தினார். குழந்தை தேம்பித் தேம்பி அழுதது, படக்கருவி சுழன்றது. நாடெங்கும் மக்களைக் கண்கலங்க வைத்த அக்கண்ணீர் நடிப்பன்று, அச்சம் என்பதை அறிந்தபின் அக்காட்சியை முன்போலக் காண நம்மால் இயலவில்லை. அந்தத் தந்தையைக் கொடியவர் என்று சொல்லவும் நாம் வரவில்லை. அவர் மகன்பால் அன்புடையவராகவே அறியப்படுகிறார். ஆனால் குழந்தையின் உழைப்பைப் பெரியோர் எவ்வளவு எளிதாகப் பெற்றுக்கொள்கின்றனர் என்பதற்கு இதுவே தொடக்கச் சான்று.

படம் வெளிவந்தபின் ஆறு வயதுச் சிறுவன் அமெரிக்காவின் செல்லப்பிள்ளையானான். 'பெக்ஸ் பேட் பாய்', 'மை பாய்', 'டிரபிள்', 'டாடி', 'சர்க்கஸ் டேஸ்' எனப் படங்கள் விரைந்து வந்தன. அவற்றை எல்லாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெரும்பாலானவை 'தி கிட்' படத்தின் நிழல்களே. அவற்றுள் 1922ஆம் ஆண்டின் 'ஆலிவர் டுவிஸ்ட்' தனித்து நிற்பது. டிக்கன்ஸின் அநாதைச் சிறுவனாக ஜாக்கியும், திருடர் தலைவன் ஃபேகினாக லான் சேனியும் நடித்தனர். மெட்ரோ நிறுவனம் பெருந்தொகை தந்து அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. பொம்மை, எழுதுபொருள், தொப்பி, நிலக்கடலை வெண்ணெய் முதலியவற்றின் மேலெல்லாம் அவர் உருவம் அச்சாயிற்று. ஒரு குழந்தையின் முகமே வணிகச் சரக்கானது.

அம்முகம் நற்பணிக்கும் பயன்பட்டது. முதல் உலகப் போரையும் அதனைத் தொடர்ந்த சின்ன ஆசியப் போரையும் அடுத்து, ஆர்மீனியரும் கிரேக்கரும் பிறருமாகிய எண்ணற்ற குழந்தைகள் பெற்றோரையும் ஊரையும் இழந்து கிரீஸ், சிரியா, லெபனான் முதலிய நிலங்களில் அல்லலுற்றனர். அவர்களுக்கென இயங்கிய அண்மைக் கிழக்கு நிவாரண அமைப்புக்காக 1924ஆம் ஆண்டில் ஜாக்கி அமெரிக்கா முழுவதும் இரயிலில் பயணம் செய்தார். பின்னர்க் கப்பலேறி ஐரோப்பா சென்றார். உணவும் உடையும் பாலுமாகத் திரண்ட உதவியின் மதிப்பு பத்து இலட்சம் டாலரைக் கடந்தது. உரோமில் போப் பதினொன்றாம் பயஸ் அவரை வரவேற்றார். ஏதென்ஸில் கிரேக்க அரசு பெருமைப்படுத்தியது. திரையில் அநாதையாக அழுதவன் உண்மை அநாதைகளின் முன் சென்று நின்றபோது அவனுக்கு வயது பத்தும் நிறையவில்லை.

குழந்தை நடிகருக்குக் காலமே பகை. 1927ஆம் ஆண்டில் 'ஜானி கெட் யுவர் ஹேர் கட்' என்னும் படத்திற்காக அவருடைய புகழ்பெற்ற நீள்முடி வெட்டப்பட்டது. அம்முடிவெட்டே ஒரு விழாப்போல விளம்பரமானது. முடியோடு குழந்தைமையும் போயிற்று. பேசும்படம் வந்தபின் 1930இல் 'டாம் சாயர்', 1931இல் 'ஹக்கிள்பெரி ஃபின்' ஆகியவற்றில் நடித்தார். அதன்பின் வாய்ப்புகள் அருகின.

ஆயினும் அவருக்குக் கவலை இல்லை. குழந்தைப் பருவத்தில் முப்பது முதல் நாற்பது இலட்சம் டாலர் வரை ஈட்டினார் என்று மதிப்பிட்டனர். கணக்கு வழக்குகளைத் தந்தையே கவனித்தார். மகனின் கைச்செலவுக்கு வாரம் 6.25 டாலர் தரப்பட்டது. எஞ்சியதெல்லாம் தமக்காகச் சேர்கிறது, 21 வயது நிறைந்தவுடன் கைக்கு வரும் என்று அவர் நம்பியிருந்தார்.

1935ஆம் ஆண்டு மே 4ஆம் நாள். வேட்டைக்குச் சென்று திரும்புகையில், கலிபோர்னியாவின் சான்டியாகோவை அடுத்த மலைச்சாலையில் தந்தை ஓட்டிவந்த மோட்டார் வண்டி உருண்டு விழுந்தது. தந்தை இறந்தார். ஜாக்கியின் நெருங்கிய நண்பரும் 'ஹக்கிள்பெரி ஃபின்' படத்தில் உடன் நடித்தவருமான ஜூனியர் டர்கின் இறந்தார். வண்டியில் இருந்த வேறிருவரும் இறந்தனர். ஜாக்கி ஒருவரே உயிர் பிழைத்தார். 21 வயது நிறைய ஆறு திங்களுக்கும் குறைவே இருந்தது.

வயது நிறைந்தது, பணம் வரவில்லை. குடும்பத்தின் கணக்குகளைப் பார்த்து வந்த ஆர்தர் பெர்ன்ஸ்டைனைத் தாய் மறுமணம் செய்துகொண்டார். 1937இல் நடிகை பெட்டி கிரேபிளை மணந்த ஜாக்கி, குடும்பம் நடத்தப் பொருளின்றித் தவித்தார். கேட்டுக் கேட்டுச் சலித்த அவர், 1938ஆம் ஆண்டு ஏப்ரலில் தம் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

தாயை நீதிமன்றத்திற்கு இழுப்பதா என்று முகம் சுளிப்போர் எந்நாட்டிலும் உண்டு. ஆனால், வழக்கில் வெளிவந்த செய்திகள் அவ்வாறு முகம் சுளிக்க இடந்தரவில்லை. மகன் ஈட்டிய பொருள் விலையுயர்ந்த மென்மயிர் ஆடைகளாகவும் வைரங்களாகவும் மோட்டார் வண்டிகளாகவும் மாறியிருந்தது. மகனுக்கு எதுவும் தருவதாக வாக்களிக்கப்படவில்லை என்று தாய்த் தரப்பு வாதிட்டது. படக்கருவியின் முன் அவன் விளையாடிக்கொண்டுதான் இருந்தான் என்னும் கருத்தும் முன்வைக்கப்பட்டது. அச்சுறுத்தி அழவைக்கப்பட்ட அந்தக் காட்சியை நாம் இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

வியப்பு யாதெனில், சட்டம் தாயின் பக்கமே இருந்தது. உரிமை வயது எய்தாத மகனின் ஊதியம் பெற்றோருக்கே உரியது என்பது அன்றைய கலிபோர்னியச் சட்டத்தின் நிலை. வயலில் உடன் உழைக்கும் மகனையும் பட்டறையில் கைகொடுக்கும் மகனையும் எண்ணி எழுந்த சட்டம் அது. மகனைப் பெற்றோர் பேணுவர்; மகனின் சிறு கூலி குடும்பத்துக்கு உதவும். குடும்பம் முழுவதையுமே குழந்தை பேணும் நிலை ஒன்று வரும் என அச்சட்டம் எதிர்பார்க்கவில்லை. இறுதியில் 1939இல் வழக்கு இணக்கமாக முடிந்தது. எஞ்சியிருந்த சுமார் இரண்டரை இலட்சம் டாலரில் ஏறத்தாழப் பாதியாகிய 1,26,000 டாலர் மட்டுமே அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் பெட்டி கிரேபிளுடனான மணவாழ்வும் முறிந்தது. இடுக்கண் மிகுந்த நாள்களில் பழைய ஆசான் சாப்ளினை அணுகியபோது அவர் தயங்காமல் ஆயிரம் டாலர் தந்தார் என்பர்.

மக்களின் சினம் சட்டமன்றத்தை எட்டியது. குழந்தை நடிகர் சட்டம் 1939இல் கலிபோர்னியாவில் நிறைவேறியது. கூகன் சட்டம் என்றே அதனை மக்கள் அழைத்தனர். குழந்தையின் ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஏற்கும்போது, ஊதியத்தின் ஒரு பகுதியை உரிமை வயது வரும்வரை தனியே காத்துவைக்க ஆணையிடலாம் என்றது அது. யாருடைய இழப்பால் பிறந்ததோ அவருக்கு அச்சட்டத்தால் ஒரு காசும் கிட்டவில்லை.

சட்டத்தில் ஓட்டைகளும் இருந்தன. நீதிமன்றத்தின் முன் வராத ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தவில்லை. நீதிமன்றம் ஆணையிட்டபோதும் அது நிறைவேறுகிறதா எனக் கண்காணிப்பார் இல்லை. ஷெர்லி டெம்பிளின் கதையே போதிய சான்று. முப்பது இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டிய அவர், வளர்ந்து கணக்கைப் பார்த்தபோது எஞ்சியிருந்தது 44,000 டாலர் மட்டுமே.

வழக்கிலும் மணமுறிவிலும் நொந்த ஜாக்கி கூகன் 1941ஆம் ஆண்டு மார்ச்சில், அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, படையில் சேர்ந்தார். விமானம் ஓட்டிய பழக்கம் இருந்ததால் கிளைடர் எனப்படும் விசையில்லா வானூர்தியின் ஓட்டுநரானார். நமக்கு அண்மையான பகுதி இதுவே. 1943இன் இறுதியில் அவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 1944 மார்ச் 5ஆம் நாள் இரவு, அசாமின் லாலாகாட் விமானத் திடலிலிருந்து, ஜெனரல் விங்கேட்டின் சிண்டிட் படையினரைச் சுமந்த கிளைடர்கள் இழுவை விமானங்களின் பின்னே கயிற்றில் எழுந்தன. ஜப்பானியப் படைவரிசைக்கு நூறு மைலுக்கும் அப்பால், பர்மியக் காட்டின் நடுவே ஒரு வெட்டவெளியில் அவை இறங்கவேண்டும். கயிற்றை விடுத்தபின் மீண்டும் மேலெழ வழியில்லை. இருளில் இறங்கியே தீரவேண்டும். பல கிளைடர்கள் நொறுங்கின. வீரர் பலர் மாண்டனர். அவ்வூர்திகளுள் ஒன்றை ஓட்டிச் சென்று இறக்கியவர் முன்னாள் குழந்தை நடிகர். பர்மா என்றவுடன் இரங்கூன் வணிகத்தையும் 1942ஆம் ஆண்டின் நெடுநடையையும் நினைக்கும் நம் குடும்பங்கள் பல. அதே காடுகளின் மேல் சாப்ளினின் சிறுவன் பறந்திருக்கிறான் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

போருக்குப் பின் பெரிய திரை அவரை மறந்திருந்தது. கிடைத்த சிறு வேடங்களை ஏற்றார். 1952இல் நான்காம் முறையாக மணந்தார். அம்மணமே இறுதிவரை நிலைத்தது. தொலைக்காட்சி அவருக்கு மறுவாழ்வு தந்தது. 1964 முதல் 1966 வரை ஒளிபரப்பான 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' என்னும் நகைச்சுவைத் தொடரில், மொட்டைத் தலையும் கருவளையம் சூழ்ந்த கண்களுமாய், வாயில் வைத்த மின்விளக்கை எரியவைக்கும் ஃபெஸ்டர் மாமாவாக அவர் தோன்றினார். புதிய தலைமுறைக் குழந்தைகள் அவரைக் கண்டு சிரித்தனர். தாத்தா பாட்டியரை அழவைத்த சிறுவன் இவரே என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

1972ஆம் ஆண்டு, இருபது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க மண்ணை மிதித்த முதிய சாப்ளினை விமான நிலையத்தில் வரவேற்றவர்களுள் ஜாக்கி கூகனும் ஒருவர். வழுக்கை விழுந்து உடல் பருத்த அந்த மனிதரை சாப்ளின் அன்போடு தழுவிக்கொண்டார். அதற்கு அடுத்த ஆண்டில் இன்னொரு பழைய உறவும் திரும்பியது. அழிந்துபோனதாகக் கருதப்பட்ட 'ஆலிவர் டுவிஸ்ட்' படத்தின் படி ஒன்று யூகோஸ்லாவியாவில் கண்டெடுக்கப்பட்டது. அதில் எழுத்துத் தலைப்புகள் இல்லை. படத்தின் தயாரிப்பாளர் சால் லெசரும் ஜாக்கியும் தம் நினைவைக்கொண்டு அவற்றை மீட்டமைக்க உதவினர். அறுபதை நெருங்கியவர், தாம் ஏழு வயதில் வாயசைத்த சொற்களை எண்ணிப் பார்த்துச் சொல்ல நேர்ந்தது.

1984ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில், தம் 69ஆம் வயதில் மாரடைப்பால் ஜாக்கி கூகன் காலமானார். 'தி கிட்' படத்தை 2011ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துப் பேணினர்.

சட்டத்தின் கதை அவரோடு முடியவில்லை. ஊமைப்படக் காலத்தில் பேபி பெகி என்னும் பெயரில் புகழ்பெற்று, தம் பொருளையும் பெற்றோர் காலத்திலேயே இழந்த டயானா செர்ரா கேரி, பிற்காலத்தில் எழுத்தாளராகிக் குழந்தை நடிகரின் நிலையை விடாமல் எழுதினார். ஜாக்கியின் வரலாற்றையும் அவரே நூலாக்கினார். 101 வயது வாழ்ந்து 2020ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். முன்னாள் குழந்தை நடிகர் பால் பீட்டர்சன் முதலியோரின் முயற்சியால் பழைய சட்டம் திருத்தப்பட்டு 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. குழந்தை ஈட்டும் பொருள் பெற்றோருடையதன்று, குழந்தையுடையதே என அத்திருத்தம் தெளிவாக வரையறுத்தது. ஊதியத்தில் 15 விழுக்காட்டைப் பணி தருபவரே நேராகக் குழந்தையின் பெயரிலுள்ள காப்புக் கணக்கில் செலுத்த வேண்டும். 18 வயதுவரை எவரும் அதில் கைவைக்க இயலாது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, பெற்றோர் இணையத்தில் வெளியிடும் காணொளிகளில் தோன்றிப் பொருள் ஈட்டித்தரும் குழந்தைகளுக்கும் இத்தகைய பாதுகாப்பை அம்மாநிலம் விரித்துள்ளது. அங்கே குழந்தையை நடிக்க அனுப்பும் பெற்றோர் முதலில் வங்கிக்குச் சென்று திறக்கவேண்டிய அந்தக் கணக்கிற்குக் கூகன் கணக்கு என்றே பெயர்.